ஆபரேஷன் இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா, ஆச்சி?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, அந்தப் பக்கத்து வழக்கில் ஓர் ஆச்சி, நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

வயது 53. மாதவிலக்கு நின்று நான்கு வருடமாகிறது. மலேசியாவில் தொழில் பார்த்த கணவர் கணக்கை முடித்துக்கொண்டு போன வருடம் ஊரோடு வந்துவிட்டார். வருடத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று சேர்ந்திருந்தவர்கள் இப்போதுதான் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் தாம்பத்தியம் முடியவில்லை. வறட்சி, எரிச்சல், கீறிவிட்டாற்போல வலி. "அவுக ஒண்ணும் கேக்குறதில்ல, நான்தான் தள்ளிப் படுத்துக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. அடுப்படியில் மிளகாய் வறுபடும் நெடி ஏறித் தும்மினால் சேலை நனைந்துவிடும். விசேஷ வீடுகளுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, ஏனென்றால் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் வளவைக் கடந்து, இரண்டாங்கட்டைக் கடந்து கொல்லைப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிடுகிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு. எட்டு மாதமாக ராத்திரியில் அரிப்பு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

இந்த நிலையில் கைபேசியில் யோனி 'டைட்டனிங்' என்று ஒரு விளம்பரம் பார்த்து, சென்னையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண் அரை மணி நேரம் அன்பாகப் பேசி, லேசர் மூன்று சிட்டிங், பிஆர்பி ஊசி இரண்டு, எக்ஸோசோம் ஒன்று என்று பேக்கேஜ் போட்டுக் கொடுத்தாராம். 1,80,000 ரூபாய், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் 1,40,000. ஆச்சி 15,000 கட்டிவிட்டு வந்துவிட்டார். மீதிக்கு நகையை வைக்க யோசனை. தை மாதம் மகள் கல்யாணம், அதற்குள் முடித்துவிட வேண்டும். ஆபரேஷன் கிடையாது, ஏற்றுவது சொந்த ரத்தம், அதனால் பக்கவிளைவும் கிடையாது, செய்துகொள்ளட்டுமா என்று கேட்கிறார். இரண்டு வருடம் முன்பு மதுரையில் ஒரு மகளிர் மருத்துவர் ஹார்மோன் க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சின்னாத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததால் பயந்து அதை வாங்கவே இல்லை.

கடைசிக்கு முந்தின பத்தியில், போகிற போக்கில், ஒரு வரி: "ஆவணியில ஒரு நாள் லேசாக் கறை பட்டுச்சு, சூட்டுனால இருக்கும்."

ஆச்சி, நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். லேசர், ஊசி, நகை எல்லாம் அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்தக் கறை

மாதவிலக்கு முழுசாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும், அது பழுப்பாக இருந்தாலும், ஒரே ஒரு நாள் இருந்தாலும், பார்த்தே ஆக வேண்டும். சூடு, மோர் குடித்தால் சரியாகும், வெயிலில் அலைந்தது என்று விட்டுவிடும் விஷயம் இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும். மாதவிலக்கு நின்றபின் உள்தோல் மெலிந்துபோவதால் உராய்ந்து வருகிற கசிவாகவே அது முடிந்துவிடும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே இப்படிக் கறையாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அப்போதே பிடித்தால் நன்றாகக் குணமாகிற வகை இது. சர்க்கரை இருப்பவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மகளிர் மருத்துவர் உள்ளே கருவி வைத்துப் பார்ப்பார், கருப்பை வாயில் மாதிரி எடுப்பார், பிறகு யோனி வழியாக ஒரு ஸ்கேன். அந்த ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர்த் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். அதைவிடக் கூடுதலாக இருந்தாலோ, கறை திரும்ப வந்தாலோ, மெல்லிய குழாய் விட்டுக் கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இப்போது எனக்கு வருகிற கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை கிளினிக்கில் "டாக்டர் பார்த்தார்களா?" என்று நீங்களே ஒரு கேள்வி போட்டு, "கல்யாணமான பொண்ணுதானே நீங்க, பார்க்கத் தேவையில்லை, சிட்டிங் அன்னிக்குப் பார்த்துக்கலாம்னாக" என்று நீங்களே பதிலும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருக்கும் இடத்தில் லேசரை வைக்கவே கூடாது. கறை பட்டதா என்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை, நீங்களாகவும் சொல்லவில்லை. ஆனால் 1,40,000 ரூபாய்க்கு சிகிச்சை மட்டும் முடிவாகிவிட்டது!

அரிப்புக்கு உங்கள் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை வரிசையாக எழுதியிருந்தீர்கள், அது நல்ல காரியம். அதில் டாபாக்ளிஃப்ளோசின் என்று ஒன்று இருக்கிறது. மாசியில்தான் புதிதாகச் சேர்த்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரிப்பும் எட்டு மாதம்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படுகிற இடத்தில் பூஞ்சை பிடிப்பது அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவு. வெள்ளையாகத் தயிர்போலப் படுகிறதா, சுற்றிலும் சிவந்திருக்கிறதா என்பதை நேரில் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். பூஞ்சை என்றால் சில நாள் மருந்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை மருத்துவர் மாத்திரையை மாற்றிக்கொடுப்பார். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தோல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மாறி, தாள்போல மெலிந்து அரித்தால் அது வேறு நோய். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு போட்டு, வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அரிப்புக்குப் பார்க்காமல் வைத்தியம் சொல்லக் கூடாது, நானும் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்: மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர், வாசனை சோப்பு, 'இன்டிமேட் வாஷ்' என்று விற்கிற எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

வறட்சியும் வலியும் ஏன்

நம் பக்கத்துப் பெண்களுக்கு 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்பது சகஜம். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. யோனியின் உள்தோல் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, மடிப்புகள் மறைந்து வாசல் குறுகுகிறது. அங்கே குடியிருந்து புளிப்புத்தன்மையைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துபோவதால் சிறுநீர்த் தொற்று சுலபமாக வருகிறது. ஆக, உங்களுடைய எரிச்சல், வலி, நீர்க்கடுப்பு மூன்றுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். 2014இல் மருத்துவச் சங்கங்கள் இந்தத் தொந்தரவுகளை எல்லாம் ஒரே நோய்க்குறியாகச் சேர்த்து ஒரு பெயரும் வைத்தன. மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இது இருக்கிறது. உடம்பு சூடேறி வியர்ப்பது சில வருடத்தில் தானாக அடங்கும், இது அடங்காது. விட்டால் கூடத்தான் செய்யும். "வயசானா அப்படித்தான்" என்று உங்கள் ஆத்தா சொன்னதில் பாதி சரி, வயதானால் வருவது சரி. பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது சரியில்லை.

அந்த விளம்பரத்தில் 'டைட்டனிங்' என்று போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள் ஆச்சி, உங்களுக்கு இருப்பது தளர்ச்சி இல்லையே. குறுகி, இறுகி, வறண்டு போனதுதான் உங்கள் வலி. அதை இன்னும் இறுக்கித் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்கிறார்.

அந்தப் பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது

லேசரில் தொடங்குவோம். யோனியின் உட்சுவரில் நுணுக்கமான வெப்பப் புள்ளிகளை வைத்து வேண்டுமென்றே சின்னச் சின்னக் காயம் செய்கிறார்கள், அது ஆறும்போது புது கொலாஜன் உண்டாகித் தோல் தடிக்கும் என்பது கணக்கு. ரேடியோ அலைக் கருவியும் அதே வெப்பக் கணக்குதான். முகத்துத் தழும்புக்கு இந்த வகை லேசர் பயன்படுகிறது, அங்கிருந்து இங்கே வந்தது. ஆரம்பத்தில் வந்த ஆய்வுகளில் நிறையப் பெண்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், அது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. 2021இல் ஆஸ்திரேலியாவில் மாதவிலக்கு நின்ற 85 பெண்களை எடுத்து, பாதிப் பேருக்கு நிஜ லேசர், பாதிப் பேருக்கு லேசர் வைப்பதுபோலப் பாவனை என்று, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாமல் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அதே வருடம் எந்தச் சிகிச்சையை எப்படிச் செய்யலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, மாதவிலக்கு நின்றபின் வருகிற இந்த வறட்சிக்கு லேசரை ஆய்வுக்குள் மட்டுமே செய்ய வேண்டும் என்று வழிகாட்டியது. அதற்கும் முன்பே, 2018 ஜூலையில், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த 'யோனிப் புத்துயிர்' விளம்பரங்களைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி, நீடித்த வலி ஆகியவை நடந்திருக்கின்றன என்று அதில் இருக்கிறது. எந்த வலிக்காகப் போகிறீர்களோ அதே வலி அந்தப் பட்டியலிலும் இருப்பதைக் கவனியுங்கள்.

லேசர் யாருக்குமே வேண்டாத பொருள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். மார்பகப் புற்றுநோய் வந்து, ஹார்மோன் பக்கமே போக முடியாத பெண்களுக்குப் பயன்படுமா என்று இன்னும் ஆய்வு நடக்கிறது. அந்த மாதிரி ஒருவர், எல்லா வழியும் முயன்று பார்த்துவிட்டு, நிச்சயமில்லை என்று தெரிந்தே ஓர் ஆய்வில் சேர்ந்தால் அது வேறு கதை. நீங்கள் அந்த இடத்தில் இல்லை. உங்களுக்கு முதல் படியே இன்னும் ஏறவில்லை.

அடுத்து பிஆர்பி. உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, யோனிச் சுவரிலும் பெண்குறிக்குப் பக்கத்திலும் ஊசியாகப் போடுவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது நிஜம், மூட்டு வலிக்கும் முடி கொட்டுவதற்கும் இதைச் செய்கிறார்கள். இந்த இடத்தில் செய்வதற்கு இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். எவ்வளவு எடுப்பது, எத்தனை தடவை போடுவது, எங்கே போடுவது என்பதே ஆளுக்கு ஆள் மாறுகிறது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அநேகமாக வராது, அதோடு சரி. ஊசி ஊசிதானே! குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம், வலி நிற்கலாம், கருவியும் குழாயும் சுத்தமில்லை என்றால் தொற்று வரலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தொற்று வந்தால் ஆறுவதும் தாமதம். உங்கள் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.9 என்று எழுதியிருக்கிறீர்கள், அது கட்டுப்பாட்டில் இல்லாத அளவு.

எக்ஸோசோம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செல்கள் வெளியிடுகிற நுண் பைகள் அவை, ஸ்டெம் செல் வியாபாரத்தின் அடுத்த அவதாரம். அமெரிக்காவில் எஃப்டிஏ அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் என்கிற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். காசு கேட்டாலே அது ஆய்வில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பீரோவில் இருக்கும் அந்தச் சீட்டு

மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த எஸ்ட்ரியால் க்ரீம்தான் இந்த நோய்க்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட வைத்தியம். விலை சில நூறு ரூபாய். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது, அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், கூட வரும் அளவுக் குழாயால் உள்ளே வைத்துக்கொள்வது. சில வாரத்தில் எரிச்சல் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் இதனால் குறைகிறது. நிறுத்தினால் வறட்சி திரும்பும், அதனால் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஹார்மோன் என்றாலே சின்னாத்தா முகம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் வாய்வழி சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையும் இந்தக் க்ரீமும் ஒன்றில்லை. இது வைத்த இடத்தில் வேலை செய்கிறது, ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. குறைந்த அளவில் யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜனால் மார்பகப் புற்றுநோய் கூடியதாகப் பெண்களைப் பல வருடம் கவனித்துவந்த பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. சின்னாத்தாவுக்கு வந்தது என்பதற்காக நீங்கள் இதைத் தொடக்கூடாது என்றில்லை. உங்களுக்கே வந்திருந்தால் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. குடும்பத்தில் இருப்பதால் மார்பகப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள், அது தனி வேலை.

ஆனால் நாளைக்கே சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். கறைக்குக் காரணம் தெரியும்வரை இந்தக் க்ரீமும் கூடாது. ஸ்கேன் முடியட்டும், டாக்டர் சரி சொல்லட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும், அல்லது க்ரீமே வேண்டாம் என்று நினைத்தால், ஹைலூரானிக் அமிலம் கலந்த யோனி ஈரப்பத ஜெல் இருக்கிறது, ஹார்மோன் இல்லாதது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வைக்கலாம். உறவு கொள்ளும் நேரத்துக்கு என்று தண்ணீர் சார்ந்த வழுக்கு ஜெல் தனி. அது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். கேட்க வெட்கமாக இருந்தால் ஆன்லைனில் வரவழையுங்கள். வாஸ்லின் வேண்டாம். அரிப்பு தீருமுன் எதையும் வைத்துப் பார்க்காதீர்கள்.

சிறுநீர்க் கசிவுக்கு

இதற்கும் லேசர் என்று சொல்லியிருக்கிறார்கள், இதற்கும் ஆதாரம் போதாது. இருமல் தும்மலில் கசிவதற்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. கெகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948இல் எழுதிவைத்தது, இன்னும் அதைத் தாண்டி முதலிடத்துக்கு ஒன்றும் வரவில்லை. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும் முன்பக்கத்தையும் உள்ளே மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், சில நொடி வைத்திருந்து முழுசாக விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைச் சிலர் சொல்வார்கள், அதை வழக்கமாக்க வேண்டாம். பலர் இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள், அது கேட்டைக் கூட்டும், ஆகவே முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ டாக்டரிடமோ சரியான தசைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சூட்சுமம். தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொன்னவுடன், தும்முவதற்கு முன்னால், அந்தத் தசையை இறுக்கிப் பிடியுங்கள். மிளகாயைச் சட்டியில் போடுமுன்பே பிடித்துப் பழகலாம். பழகிவிட்டால் சேலை மாற்றும் வேலை பாதி குறையும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதை விடுங்கள், ஆச்சி. சிறுநீர் கெட்டியானால் பை இன்னும் எரிச்சலடையும், தொற்றும் சேரும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். உங்கள் உயரத்துக்கு எடை கூடுதல், அதில் கொஞ்சம் குறைந்தாலும் கசிவு குறைவதைப் பார்க்கலாம், சர்க்கரைக்கும் நல்லது. காபியைக் குறைக்கச் சொன்னால் கோபிப்பீர்கள், இருந்தாலும் மூன்றாவது காபியையாவது விடுங்கள். இத்தனையும் செய்து ஆறு மாதத்தில் போதவில்லை என்றால், உள்ளே வைக்கும் சிலிகோன் வளையம் இருக்கிறது, சிறுநீர்க் குழாய்க்குத் தாங்கலாக நாடா வைக்கும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்கு நன்மை தீமை இரண்டுமே நன்றாகத் தெரிந்த கணக்கு. ஆபரேஷன் என்ற பெயரைக் கேட்டு மிரண்டு, கணக்கே தெரியாத ஒன்றுக்கு நகை வைப்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அவுகளிடம் பேசுங்கள்

"சரிசெய்யாட்டா அவுக மனசு விலகிப் போயிருமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் கேட்காமல் இருப்பது விலகல் மாதிரி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஏன் தள்ளிப் படுக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியாது, ஆசை இல்லை என்றே அவரும் நினைத்துக்கொண்டிருக்கலாம். "எனக்கு வலிக்கிறது, வைத்தியம் பார்க்கப் போகிறேன்" என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். வைத்தியம் முடியும்வரை வலிக்கிற உறவு வேண்டாம். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தசை தானாகவே இறுகப் பழகிவிடும், பிறகு தோல் சரியானாலும் வலி மிச்சமிருக்கும். சேர்ந்து படுத்திருக்க, தொட்டுப் பேச, அதற்கெல்லாம் ஒரு மருந்தும் வேண்டாம்.

உள்ளூரில் போனால் தெரிந்துவிடுமே

காரைக்குடியில் எந்த லேடி டாக்டரிடம் போனாலும் யாராவது உறவு உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் சென்னைக்குப் போனேன் என்கிறீர்கள். நியாயம்தான், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் எதைச் சொன்னாலும் யாராவது பங்காளியோ சம்பந்தியோ கிளம்பி வருகிற ஊர் இது. ஆனால் மகளிர் நோய்ப் பிரிவில் காத்திருப்பவர் எதற்கு வந்தார் என்று முகத்தில் எழுதியிருக்காது, கருப்பைச் சோதனைக்கு வந்தேன் என்றால் முடிந்தது. உங்கள் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை, உறவுக்கார டாக்டருக்கும் அது பொருந்தும். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேன் உட்பட அங்கே செலவும் உங்களைக் கடிக்காது. மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கறை பட்ட தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கேட்கும்போது மறந்துபோகும். இதைக் கல்யாண வேலையோடு சேர்த்துத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

கட்டிய 15,000 ரூபாய்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விவகாரம் அடிக்கடி வருவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பணம் கட்டிவிட்டதால் சிகிச்சை செய்துகொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. எந்தச் சிகிச்சைக்கும், அது என்ன, என்ன ஆபத்து, மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது, அதுவும் ஒரு பெண்ணின் கருப்பை சம்பந்தப்பட்ட வழக்குதான். அவர்கள் உங்களிடம் மாற்று வழி எதையும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ: மருத்துவப் பரிசோதனை நடக்கவில்லை, சிகிச்சை தொடங்கவில்லை, வேறு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள். சண்டை வேண்டாம், மூன்று வரி போதும். ரசீதின் பின்பக்கம் "திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்தால் அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. விளம்பரத்தில் தாம்பத்திய சுகம் கூடும் என்றெல்லாம் உறுதி கொடுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லி அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் வருட மாயமருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அது பொருந்துமா என்று ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும்.

அதுவரைக்கும் வாட்ஸ்அப்பில் வந்த பேக்கேஜ் படம், பணம் கட்டிய குறுஞ்செய்தி, அந்தப் பெண் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். மாதக் கடைசி வரப்போகிறது என்று அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஸ்கேன் முடியவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் எடுக்காதீர்கள்.